முதல் நிமிஷம் சிஸ்டரோடது

இன்னைக்கு ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். உங்க வீட்ல யாரையாவது ஹார்ட் அட்டாக்னு சி.சி.யு.ல, அதாவது இதய நோயாளிகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுல, சேர்த்திருக்காங்கன்னு வைங்க. ராத்திரி மூணு மணி. தலைமாட்டு மானிட்டர்ல ஒழுங்கா ஓடிட்டிருந்த கோடு திடீர்னு குழந்தை கிறுக்கின மாதிரி ஆகுது. ஸ்பெஷலிஸ்ட் வீட்ல தூங்கிட்டிருக்கார். டியூட்டி டாக்டர் வேற மாடியில இன்னொரு பேஷண்ட்டோட இருக்கார். அந்த நிமிஷம் அந்த உயிர் யார் கையில இருக்கு?

கட்டில் பக்கத்துல இருக்கிற சிஸ்டர் கையில. "டாக்டரைக் கூப்பிடுங்க"ன்னு ஓடறதுக்காக மட்டும் அவங்க அங்க இல்ல. கோட்டைப் பார்த்து இது என்ன துடிப்புன்னு முடிவு பண்ணி, தேவைப்பட்டா ஷாக் கொடுக்கிற வரைக்கும் அவங்க வேலை. இந்த அதிகாரம் நர்ஸ்களுக்குக் கிடைச்சு இன்னும் எழுபது வருஷம்கூட ஆகல. அது எப்படிக் கிடைச்சுது, இன்னைக்கு இதயத் துடிப்புக்குன்னே இருக்கிற யூனிட்கள்ல நர்ஸ்கள் என்ன செய்றாங்க, எத்தனை பேர் வேணும், எப்படிப் பழகறாங்க, இதெல்லாம்தான் இந்த எபிசோட்.

முதல்ல கொஞ்சம் அடிப்படை. இதயத்துல ரெண்டு விதமான கோளாறு வரும். ஒண்ணு குழாய்க் கோளாறு. ரத்தக்குழாய் அடைச்சுக்கும், ஸ்டென்ட் வைப்பாங்க. இன்னொண்ணு கரண்ட் கோளாறு. இதயத்தோட வலது மேல் அறையில ஒரு சின்னத் திசு, தானாவே மின் துடிப்பை உருவாக்கி அனுப்புது. அது பரவற வழியிலதான் இதயம் சுருங்கி விரியுது. அந்த வழியில ஷார்ட் சர்க்யூட் மாதிரி ஏதாவது ஆனா துடிப்பு ரொம்ப வேகமாகும், ரொம்ப மெதுவாகும், இல்லன்னா தாறுமாறாகும். அதுல மோசமானது, கீழ் அறைகள் சுருங்காம வெறுமனே நடுங்கறது. வென்ட்ரிக்குலர் ஃபிப்ரிலேஷன்னு பேர். இதயம் அசையுது, ஆனா ரத்தம் போகாது. சில விநாடியில நினைவு போயிடும். இதுக்கு ஒரே வழி ஷாக். நெஞ்சை அழுத்தற சி.பி.ஆர். கூட இல்லாம ஷாக் தாமதமாகிற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு 7-லிருந்து 10 சதவீதம் குறையுதுன்னு அமெரிக்க இதயக் கழகம் சொல்லுது. அஞ்சு நிமிஷம் போனா என்ன மிச்சம் இருக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கலாம்.

இப்ப 1960-க்குப் போவோம். அப்போ ஹார்ட் அட்டாக் வந்தவங்களை ஆஸ்பத்திரியில தனியா எல்லாம் வைக்க மாட்டாங்க. பொது வார்டுல எங்க கட்டில் காலியோ அங்க படுக்க வைப்பாங்க. ஓய்வெடுக்கச் சொல்லுவாங்க. ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தவங்கள்லயே சுமார் 30 சதவீதம் பேர் இறந்துட்டிருந்தாங்க. அதுல பலரைக் கொன்னது இந்தத் தாறுமாறான துடிப்புதான். இத்தனைக்கும் வெளியிலிருந்து ஷாக் கொடுக்கிற கருவி 1950-கள்லயே வந்தாச்சு. நெஞ்சை அழுத்தி ரத்த ஓட்டத்தை நடத்தலாம்னு 1960-ல காட்டியாச்சு. கருவி இருக்கு, முறை இருக்கு. ஆனா பேஷண்ட் ஒரு வார்டுல, கருவி ஒரு மூலையில, டாக்டர் இன்னொரு கட்டடத்துல.

1961-ல ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் டெஸ்மண்ட் ஜூலியன் என்ற இளம் டாக்டர், இவங்களை எல்லாம் ஒரே இடத்துல வைங்க, துடிப்பைத் தொடர்ந்து கவனிங்கன்னு எழுதினார். 1962-ல அமெரிக்காவின் கன்சாஸ் சிட்டியில், பெத்தனி ஆஸ்பத்திரியில், ஹியூஸ் டே அப்படி ஒரு யூனிட்டைத் திறந்தார். அதே காலத்துல பிலடெல்பியாவின் பிரெஸ்பிடேரியன் ஆஸ்பத்திரியில் லாரன்ஸ் மெல்ட்சர் என்ற டாக்டரும், ரோஸ் பின்னியோ என்ற நர்ஸும் சேர்ந்து ஒரு காரியம் செஞ்சாங்க. எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

அவங்க யோசனை எளிமையானது. மானிட்டர் யாரையும் காப்பாத்தாது. அது காட்டும், அவ்வளவுதான். பார்த்ததும் செயல்படற ஆள் கட்டில் பக்கத்துல 24 மணி நேரமும் இருக்கணும். 24 மணி நேரமும் இருக்கிறது யாரு? நர்ஸ். அப்போ இ.சி.ஜி.யைப் படிக்கிறது டாக்டரோட வேலை, ஷாக் கொடுக்கிறது டாக்டரோட வேலைன்னு இருந்த எல்லைக்கோட்டை நகர்த்தியே ஆகணும். நர்ஸ்களுக்கு இ.சி.ஜி. சொல்லிக் கொடுத்தாங்க. எந்தத் துடிப்புக்கு எப்போ யாரையும் கேக்காம ஷாக் கொடுக்கலாம்னு எழுத்துல அனுமதி கொடுத்தாங்க. 1965-ல மெல்ட்சர், பின்னியோ, கிட்செல் மூணு பேரும் சேர்ந்து நர்ஸ்களுக்குன்னே ஒரு கையேடு போட்டாங்க. இந்த மாதிரி யூனிட்கள் பரவினப்போ, 30 சதவீதமா இருந்த அந்த மரணம் ஏறக்குறைய பாதியாச்சு. புது மருந்து எதுவும் காரணம் இல்ல. இருந்த கருவிக்கும் இருந்த நர்ஸுக்கும் நடுவுல இருந்த தடையை எடுத்தாங்க.

கவனிச்சீங்களா, அங்க மூணு விஷயம் ஒண்ணா சேர்ந்தது. ஆள் இருக்கணும், அந்த ஆளுக்குத் தெரிஞ்சிருக்கணும், தெரிஞ்சதைச் செய்ய அனுமதி இருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் மத்த ரெண்டும் வீண். இனி நான் சொல்லப் போற எல்லாமே இந்த மூணுக்குள்ளதான் சுத்தும்.

சரி, இன்னைக்கு நிலைமை. பெரிய இதய ஆஸ்பத்திரிகள்ல சி.சி.யு. தவிர ஈ.பி. லேப்னு ஒண்ணு இருக்கும். எலக்ட்ரோபிசியாலஜி, சுருக்கமா ஈ.பி. கேத் லேப்புக்குச் சொந்தக்காரன் மாதிரி. தொடை இடுக்கிலிருக்கிற ரத்தக்குழாய் வழியா மெல்லிய ஒயர்களை இதயத்துக்குள்ள விட்டு, கரண்ட் எங்க தப்பாப் போகுதுன்னு கண்டுபிடிச்சு, அந்த இடத்தைச் சூட்டாலயோ குளிராலயோ செயலிழக்கச் செய்வாங்க. இதுக்கு அப்லேஷன்னு பேர். பேஸ்மேக்கர் வைக்கிறது, உள்ளேயே ஷாக் கொடுக்கிற ஐ.சி.டி. கருவி வைக்கிறது எல்லாமும் பெரும்பாலும் இங்கதான்.

உள்ளே யார் யார் இருப்பாங்க? ஒயரை நகர்த்தற டாக்டர். மின் பதிவுகளையும் முப்பரிமாண வரைபடத்தையும் பார்த்துக்கிற டெக்னாலஜிஸ்ட். அப்புறம் நர்ஸ்கள். ஒருத்தர் கை கழுவி கவுன் போட்டு டாக்டரோட மேஜையில நிப்பார். ஒருத்தர் சுத்தி வந்து தேவையானதை எடுத்துக் கொடுத்து, குறிப்பு எழுதுவார். ஒருத்தர் பேஷண்ட் தலைப்பக்கம். மயக்க மருந்து டாக்டர் இல்லாத கேஸ்கள்ல, லேசான மயக்கத்துக்கான மருந்தைக் கொடுத்து மூச்சையும் பி.பி.யையும் கவனிக்கிறவர் அவர்தான். எக்ஸ்ரே ஓடற ரூம் என்பதால எல்லாரும் ஈய ஏப்ரன் போட்டிருப்பாங்க. பல கிலோ கனம், பல மணி நேரம். இடுப்பு வலி இந்தத் தொழிலோட கூடவே வருது.

தலைப்பக்கம் நிக்கிற நர்ஸைப் பத்திக் கொஞ்சம் விரிவாச் சொல்றேன். வெளியிலிருந்து பார்த்தா அவர் சும்மா நிக்கிற மாதிரி இருக்கும். இடது மேல் அறையில அப்லேஷன் செய்யும்போது ரத்தம் உறைஞ்சு கட்டி ஆச்சுன்னா நேரா மூளைக்குப் போகலாம், பக்கவாதம். அதனால ஹெப்பாரின் மருந்து கொடுத்து, ரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகுதுன்னு திரும்பத் திரும்பச் சோதிக்கணும். 300 விநாடிக்கு மேல வெச்சிருக்கணும். கொஞ்சம் மறந்தா ஒரு பக்கம் ஆபத்து, கூடிப் போனா இன்னொரு பக்கம் ரத்தக்கசிவு. அதே நேரம் பி.பி. மேல ஒரு கண். ஒயர் இதயச் சுவரை ஓட்டை போட்டா, இதயத்தைச் சுத்தி இருக்கிற உறைக்குள்ள ரத்தம் தேங்கி இதயத்தை நெரிக்கும். நூறு கேஸ்ல ஒண்ணுங்கிற அளவுலதான் நடக்கும். ஆனா நடந்தா நிமிஷக் கணக்கு. டாக்டர் கண் திரையில, வரைபடத்துல இருக்கும். பி.பி. மெதுவா இறங்கறதை முதல்ல பார்க்கிறது பெரும்பாலும் இந்த நர்ஸ்தான். "சார், பிரஷர் இறங்குது"ன்னு அவர் வாய் திறந்து சொல்லணும். இது மருந்தால இறங்கற பிரஷர்தானா, இல்ல ரத்தம் தேங்குதான்னு அவருக்குச் சந்தேகம் வரணும். அந்தச் சந்தேகம் பயிற்சியால வர்றது.

இன்னொரு சின்ன விஷயம், எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்தது. குளிர் பலூன் வெச்சு அப்லேஷன் செய்யும்போது, வலது பக்கக் குழாய்களுக்குப் பக்கத்துல ஒரு நரம்பு ஓடுது. நம்ம மூச்சை இயக்கற உதரவிதானத்துக்குப் போற நரம்பு. குளிர்ல அது அடிபட்டா மூச்சுத் திணறல் வரும். அதைத் தடுக்க அந்த நரம்பை மெல்லிய கரண்ட்டால தூண்டிக்கிட்டே இருப்பாங்க. ஒவ்வொரு தூண்டலுக்கும் விக்கல் மாதிரி வயிறு துள்ளும். டீம்ல ஒருத்தர், பல இடங்கள்ல நர்ஸ், விலா எலும்புக்குக் கீழ கையை வெச்சு அந்தத் துள்ளலை உணர்ந்துக்கிட்டே இருப்பார். துள்ளல் பலவீனமானா உடனே "ஸ்டாப்". குளிரை நிறுத்திடுவாங்க. கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள ரூம்ல பாதுகாப்பு ஒருத்தரோட உள்ளங்கையில இருக்கு.

இப்ப எண்ணிக்கைக்கு வருவோம். ஈ.பி. லேப்ல எத்தனை நர்ஸ் வேணும்? இதுக்கு ஒரு எண்ணைச் சொல்றதைவிட ஒரு விதியைச் சொல்றது நல்லது. அமெரிக்க மயக்கவியல் நிபுணர்கள் சங்கத்தோட வழிகாட்டுதல் இப்படிப் போகுது: சிகிச்சை செய்றவரே பேஷண்ட்டைக் கண்காணிக்கிறவரா இருக்கக் கூடாது. லேசான மயக்கம்னா கண்காணிக்கிறவர் நடுவுல நிறுத்தக்கூடிய சின்ன வேலைகளைச் செய்யலாம். ஆழ்ந்த மயக்கம்னா வேற எந்த வேலையும் கூடாது. சுலபமாப் புரியுது, இல்லையா? ஆனா ஒரு நர்ஸ் லீவு போட்ட நாள்ல முதல்ல அடிபடறது இந்த விதிதான். "அந்த ஷீத் ஒண்ணு எடுத்துட்டு வாங்க சிஸ்டர், ஸ்டோர்லதான் இருக்கு." பட்டியல்ல பார்த்தா எல்லா இடமும் நிரம்பியிருக்கும். பேஷண்ட் தலைப்பக்கம் மட்டும் ரெண்டு நிமிஷம் காலி.

வார்டு பக்கம் சட்டமே உண்டு. அமெரிக்காவில் கலிபோர்னியா 1999-ல சட்டம் போட்டு, 2004-லிருந்து நடைமுறைப்படுத்திச்சு. தீவிர சிகிச்சைப் பிரிவுல ஒரு நர்ஸுக்கு ரெண்டு பேஷண்ட்டுக்கு மேல கூடாது. துடிப்பைத் தூரத்திலிருந்து கண்காணிக்கிற டெலிமெட்ரி வார்டுல நாலுக்கு மேல கூடாது. நம்ம நாட்டுல இந்திய நர்சிங் கவுன்சிலோட வரையறை, தீவிர சிகிச்சையில ஷிஃப்ட்டுக்கு ஒரு கட்டிலுக்கு ஒரு நர்ஸ். பொது வார்டுகள்ல கல்லூரி ஆஸ்பத்திரின்னா மூணு பேருக்கு ஒருத்தர், மத்ததுல அஞ்சு பேருக்கு ஒருத்தர். லீவுக்காக 30 சதவீதம் கூடுதல். வரையறையா எழுதறதும் சட்டமாக்கி ஆய்வு செய்றதும் வேற வேற. நம்ம அரசு ஆஸ்பத்திரி வார்டுல ஒரு ராத்திரி தங்கினவங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்ல.

எண்ணிக்கை நிஜமாவே உயிரைப் பாதிக்குதா? லிண்டா எய்க்கன் குழு 2002-ல வெளியிட்ட ஆய்வு இதுல முக்கியமானது. பென்சில்வேனியாவில் 168 ஆஸ்பத்திரிகள், ஆபரேஷன் ஆன பேஷண்ட்கள். ஒரு நர்ஸ் பார்த்துக்கிற பேஷண்ட் எண்ணிக்கை ஒண்ணு கூடும்போது, 30 நாளுக்குள்ள இறக்கிற அபாயம் சுமார் 7 சதவீதம் கூடுது. அது ஈ.பி. யூனிட் இல்ல, பொதுவான அறுவை சிகிச்சை வார்டு. ஆனா துடிப்பு யூனிட்ல இது குறைவா இருக்கும்னு நம்ப எனக்கு ஒரு காரணமும் தெரியல.

நேயர் ஒருத்தர் முன்னாடியே கேட்டிருந்தாங்க: "மானிட்டர்தான் இருக்கே, கத்துமே, அப்புறம் எதுக்கு இத்தனை ஆள்?" நல்ல கேள்வி. பிரச்சனையே அது ரொம்பக் கத்துதுங்கிறதுதான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோட சான் பிரான்சிஸ்கோ ஆஸ்பத்திரியில 77 ஐ.சி.யு. கட்டில்களை 31 நாள் பதிவு பண்ணி 2014-ல வெளியிட்டாங்க. மொத்தம் 25 லட்சத்துக்கு மேல அலாரம். காதுல விழற அலாரம் மட்டும் ஒரு கட்டிலுக்கு ஒரு நாளைக்கு 187. துடிப்புக் கோளாறுன்னு கத்தினதுல 12,000-க்கு மேல உட்கார்ந்து சரிபார்த்தாங்க. கிட்டத்தட்ட 89 சதவீதம் பொய். பேஷண்ட் புரண்டு படுத்தது, பட்டை கழண்டது, இப்படி.

புலி வருது கதைதான். காது மரத்துப் போகும். அமெரிக்காவில் ஆஸ்பத்திரிகளுக்குத் தரச்சான்று தர்ற ஜாயிண்ட் கமிஷன், 2009-க்கும் 2012-க்கும் நடுவுல தங்களுக்கு வந்த அலாரம் சம்பந்தமான 98 சம்பவங்கள்ல 80 மரணத்துல முடிஞ்சதுன்னு 2013-ல எச்சரிச்சது. நர்ஸ் அலட்சியம்னு சொல்லிட்டுப் போறது சுலபம். பாஸ்டன் மெடிக்கல் சென்டர்ல வேற மாதிரி யோசிச்சாங்க. ஒரு இதய வார்டுல, அலாரம் அடிக்க வேண்டிய எல்லைகளை மாத்தினாங்க. ஒவ்வொரு பேஷண்ட்டுக்கும் ஏத்த மாதிரி அதைத் திருத்திக்க, டாக்டர் உத்தரவுக்குக் காத்திருக்காம, ரெண்டு நர்ஸ் சேர்ந்து முடிவு பண்ணலாம்னு அனுமதிச்சாங்க. வாரத்துக்கு 87,000-க்கு மேல இருந்த சத்தம் 10,000-க்குக் கீழ வந்தது. 1960-கள்ல பிலடெல்பியாவில் நடந்த அதே விஷயம்தான், இல்லையா? பக்கத்துல இருக்கிற ஆளை நம்பி முடிவை அவங்க கையில கொடுத்தாங்க.

நம்பிக் கொடுக்கணும்னா தெரிஞ்சிருக்கணும். அப்போ பயிற்சி. பி.எஸ்சி. நர்சிங்கோ டிப்ளமோவோ முடிச்சவங்களுக்கு இ.சி.ஜி.யோட அடிப்படை தெரியும். ஈ.பி. லேப்ல அது ஆரம்பம் மட்டும்தான். இதயத்துக்குள்ளிருந்தே வர்ற பதிவுகள், மயக்க மருந்து, ரத்த உறைதல், கதிர்வீச்சுப் பாதுகாப்பு, கருவிகளோட புரோகிராம், எல்லாமே புதுசு. இந்தியாவில் நர்சிங் கவுன்சில் அங்கீகாரத்தோட இதய-நெஞ்சக நர்சிங்ல ஒரு வருஷ டிப்ளமோவும், எம்.எஸ்சி. சிறப்புப் பிரிவும் உண்டு. துடிப்புக்குன்னே இருக்கிற தேர்வை ஐ.பி.எச்.ஆர்.இ. என்ற சர்வதேச வாரியம் நடத்துது. நர்ஸ்களும் டெக்னாலஜிஸ்ட்களும் எழுதலாம். ஆனா பெரும்பாலான படிப்பு நடக்கிறது லேப்லயேதான், சீனியர் சிஸ்டர் பக்கத்துல மாசக்கணக்கா நின்னு. அதனாலதான் அனுபவசாலி ஒருத்தர் வெளிநாடு போனாலோ, ரொட்டேஷன்னு சொல்லி கண் வார்டுக்கு மாத்தினாலோ, போறது ஒரு ஆள் மட்டும் இல்ல. அடுத்தவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற ஆளும் சேர்ந்து போறாங்க.

அனுபவம் எவ்வளவு முக்கியம்னு நெதர்லாந்துல ரெண்டு ஆய்வு காட்டுது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னு மேல் அறைகள் தாறுமாறாத் துடிக்கிற நோய். மாஸ்ட்ரிக்ட் நகர்ல 712 பேரை ரெண்டா பிரிச்சு, ஒரு பகுதியினருக்கு நர்ஸ் நடத்தற கிளினிக், இன்னொரு பகுதியினருக்கு வழக்கமான டாக்டர் சிகிச்சை. நர்ஸ் கிளினிக்ல ஒரு மென்பொருள் துணை, மேற்பார்வைக்கு ஒரு இதய டாக்டர். 2012-ல முடிவு வந்தது. இதயக் காரணத்தால ஆஸ்பத்திரியில சேர்ந்ததும் இறந்ததும் சேர்த்து, நர்ஸ் பக்கம் 14.3 சதவீதம், வழக்கமான சிகிச்சையில 20.8. எல்லாருக்கும் சந்தோஷம். இதையே பல ஆஸ்பத்திரிகள்ல 1,354 பேரை வெச்சு, ரேஸ் 4னு பேர் போட்டு செஞ்சு பார்த்தாங்க. 2020-ல வந்த முடிவு: மொத்தமாப் பார்த்தா தெளிவான வித்தியாசம் இல்ல. ஆனா இந்த மாதிரி கிளினிக்கை ஏற்கெனவே நடத்திப் பழகின இடங்களைத் தனியாப் பார்த்தா பலன் தெரிஞ்சுது. இப்படிப் பிரிச்சுப் பார்க்கிறதை இறுதி ஆதாரம்னு சொல்ல முடியாது, எச்சரிக்கையாத்தான் எடுத்துக்கணும். இருந்தாலும் போர்டை மாட்டி ஒரு நர்ஸை உட்கார வெச்சா போதும்னு நினைக்கிற நிர்வாகங்கள் இதைப் படிக்கணும்.

நேரம் ஆயிடுச்சு. போறதுக்கு முன்னாடி, உங்க வீட்டுக்கு உபயோகமா ரெண்டு மூணு விஷயம். மானிட்டர் கத்துதுன்னு நீங்களா பட்டனை அமுக்கி நிறுத்தாதீங்க. சிஸ்டரைக் கூப்பிடுங்க, தொந்தரவுன்னு நினைக்க வேண்டாம். வீட்ல யாருக்காவது ஐ.சி.டி. இருந்து ஒரே ஒரு ஷாக் அடிச்சு, அப்புறம் நல்லா இருந்தாங்கன்னா, சிகிச்சை பார்த்த யூனிட்டுக்கு அன்னைக்கே போன் பண்ணணும். அடுத்தடுத்து ஷாக் வந்தாலோ, மயக்கம், நெஞ்சுவலி இருந்தாலோ, 108. அப்லேஷன் ஆனவங்களுக்கு ஒரு வாரத்துக்கும் ரெண்டு மாசத்துக்கும் நடுவுல காய்ச்சல், விழுங்கும்போது வலி, பேச்சுக் குழறல் வந்தா, சாதாரண ஜுரம்னு பக்கத்துக் கிளினிக்ல மாத்திரை வாங்கிட்டுப் படுத்துக்காதீங்க. உணவுக்குழாய்க்கும் இதயத்துக்கும் நடுவுல ஓட்டை விழற ரொம்ப அபூர்வமான, ஆனா உயிரைக் குடிக்கிற சிக்கல் அப்படித்தான் ஆரம்பிக்கும். அப்லேஷன் நடந்த ஆஸ்பத்திரிக்கே உடனே போகணும்.

டிஸ்சார்ஜ் அன்னைக்கு சிஸ்டர் ஒருத்தர் வந்து இதையெல்லாம் பத்து நிமிஷம் சொல்லுவாங்க. அந்த நேரம் நாம பில் கவுண்டர்ல நிப்போம். ஒருத்தர் பில்லுக்குப் போங்க, ஒருத்தர் கட்டில் பக்கத்துல இருந்து கேளுங்க. ராத்திரியில யாருக்கு போன் பண்ணணும்னு நம்பரைக் கேட்டு வாங்கிக்குங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.